கோலாலம்பூரில் ஒரு நத்தார்

மார்கழி பிறந்துவிட்டால் மொன்றியலில் ஒருவரையொருவர் காணும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "விடுமுறைக்கு எங்கே?" என்பதே அது. பனியிலும் குளிரிலும் அடைபட்டுக் கிடக்கும் இந்நகரத்து மக்கள், நத்தார் விடுமுறை கிடைத்ததும் கியூபாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் வெயில் தேடிப் புறப்படுவது வழக்கம். எம்மவரிற் பெரும்பாலோர்க்கு இக்கேள்விக்கான விடை ஸ்காபுரோ என்பதாகவே இருக்கும். அங்கே அண்ணன் வீடோ மச்சாள் வீடோ இருக்கும். ஐந்தாறு மணித்தியாலம் வாகனம் ஓட்டினால் விடுமுறை தொடங்கிவிடும்.

2023ஆம் ஆண்டு டிசெம்பரில் நாம் "மலேசியா" என்று விடை கூறியபோது வேலைத்தலத்தில் ஒரு சிறு வியப்பு எழுந்தது. எம்மோடு பண்டகசாலையிற் பணிபுரியும் கியூபெக் நண்பர் ஒருவர், "நத்தாருக்கு ஒரு முஸ்லிம் நாட்டுக்கா போகிறீர்கள்? அங்கே நத்தார் உண்டா?" என்று கேட்டார். அவர் கேட்டதிற் குற்றமில்லை. நாம் சிரித்துக்கொண்டு, "வெயில் உண்டு" என்று மட்டும் சொன்னோம். உண்மைக் காரணத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தால் தேநீர் இடைவேளை போதியிராது. அகதி வாழ்வை அறிந்த இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு அதனைச் சொல்வது இலகு என எண்ணுகின்றோம்.

காரணம் இதுதான். எமது தம்பி கோலாலம்பூரில் இருக்கின்றார். 2009இல் வன்னியிலிருந்து முகாமுக்குச் சென்று, முகாமிலிருந்து வெளியேறி, 2011இல் மலேசியா சேர்ந்தவர். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகரகத்தின் அட்டையொன்று அவரிடம் இருக்கின்றது. அந்த அட்டையைத் தவிர வேறொரு பத்திரமும் இல்லை. அந்நாட்டை விட்டு வெளியேறினால் மீண்டும் உள்ளே வர இயலாது. எமது அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கின்றார். எண்பத்திரண்டு வயது. மொன்றியற் குளிருக்கு அவரை அழைப்பது தகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நாமோ கனடாவில். ஆக, மூவரும் சந்திக்கத்தக்க இடம் உலகில் ஒன்றே ஒன்றுதான். அசைய முடியாதவர் இருக்கும் இடத்துக்கு அசையக்கூடியவர்கள் போக வேண்டும். மற்றவர்கள் விடுமுறைக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றார்கள். எமக்கோ கடவுச்சீட்டுகள்தாம் இடத்தைத் தேர்ந்தெடுத்தன.

காலத்தையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. மகள் ஆசிரியையாக இருக்கும் பாடசாலையும் துணைவியார் தையல் வேலை செய்யும் தொழிற்சாலையும் ஒருங்கே மூடப்படுவது நத்தார், புதுவருட நாட்களில் மாத்திரமே. நாம் நாவாந்துறைக் கத்தோலிக்கர். நத்தார் எமக்கு வெறும் விடுமுறையன்று, பண்டிகை. அம்மாவோடு கொண்டாடும் நத்தார் அந்த ஒன்றாவது கிட்டட்டும் என்று கடன்பட்டுப் பயணச்சீட்டு எடுத்தோம். தம்பியை நாம் இறுதியாகக் கண்டது 1996 ஏப்ரலில், சாவகச்சேரியில். அன்று அவர் கிளாலியூடாக வன்னிக்குப் போனார், நாம் அம்மாவோடு யாழ்ப்பாணம் திரும்பினோம். இருபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

மொன்றியலில் விமானம் ஏறியபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டோஹாவில் மாறி, கோலாலம்பூரில் இறங்கி, விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்திலடித்த அந்த ஈரச் சூட்டை உடம்பு உடனே அறிந்துகொண்டது. கனடாவிற் பிறந்த மகளும் மகனும் "சூடு, சூடு" என்று சட்டையைத் தளர்த்தினார்கள். நாமும் துணைவியாரும் ஒன்றும் பேசாமல் அதனை மூச்சில் இழுத்துக்கொண்டு நின்றோம். ஐப்பசி மழைக்கு முந்திய நாட்களில் ஊரில் இருக்கும் அதே புழுக்கம்.

அம்மா எமக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே, ஊரவர் ஒருவர் துணையுடன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். சக்கர நாற்காலியில் அவர் இருக்க, பின்னே நரைத்த தலையுடன் ஒருவர் நின்றார். அது தம்பி என்று அறிய எமக்குச் சில விநாடிகள் பிடித்தன. அவருக்கும் அவ்வாறே இருந்திருக்க வேண்டும். "அண்ணை, நீங்கள் நல்லாய் மெலிஞ்சு போனீங்கள்" என்றார். வேறொன்றும் சொல்ல அவருக்கு வரவில்லை. எமக்கும் வரவில்லை. அம்மாதான் இருவரையும் பார்த்து, "நிண்டது காணும், பிள்ளையளுக்குப் பசிக்கும், நடவுங்கோ" என்று அதட்டினார்.

தம்பி குடும்பம் இருப்பது செந்தூல் என்னும் பகுதியில். மலாயா ரயில்வேயின் பட்டறை இருந்த இடம் அது. அதனைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர் குடியேறி, கோயில்களும் தேவாலயங்களும் எழுந்தன. எமது பாட்டன்மார் காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் ரயில் நிலைய அதிபராகவும் சென்றதை ஊரில் நாம் கேட்டு வளர்ந்திருக்கின்றோம். "மலாயன் பென்சனியர்" வீடு என்றால் ஊரில் தனி மதிப்பு. அவர்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1904இல் அமைத்த விவேகானந்தா ஆச்சிரமம் இன்றும் நிற்கின்றது. ஈழத்துச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அண்மையிலேயே இருக்கின்றது. ஒரு நாள் அவ்வழியே போகையில் தம்பி அவற்றைக் காட்டி, "அவையள் உத்தியோகத்துக்கு வந்தவை, நாங்கள் ஒளிக்க வந்தனாங்கள்" என்றார்.

அது மிகைக் கூற்றன்று. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா ஒப்பமிடவில்லை. அங்கே அகதி அட்டை வைத்திருப்போர் சட்டப்படி தொழில் செய்ய முடியாது. அவர்தம் பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலைகளிற் சேர முடியாது. தொண்டர்கள் நடத்தும் கற்றல் நிலையங்களிலேயே படிக்கின்றார்கள். அவ்வட்டை பெற்றவர்களிற் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தோர். அவர்களுள் ரோகிங்கியா முஸ்லிம்கள் மிகுதி. முஸ்லிம் நாட்டில் முஸ்லிம் அகதிக்கும் அதே நிலைதான். கனடா அந்த உடன்படிக்கையை 1969இல் ஏற்றுக்கொண்டது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டபோது, அவர்கள் இங்கே தங்கி வேலை செய்ய அனுமதி கிடைத்தது. எமக்கும் தம்பிக்கும் இடையே உள்ள வேறுபாடு துணிவிலோ திறமையிலோ இல்லை. எந்தத் தரகன் எந்த விமானத்தில் ஏற்றிவிட்டான் என்பதில் மட்டுமே இருக்கின்றது.

அவர்கள் இருப்பது ஒரு மாடி வீட்டின் மேற்றளத்தில் இரண்டு அறைகளில். கீழே வீட்டுக்கார அம்மா. கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மூன்றாந் தலைமுறை. அறுபது வயதைக் கடந்தவர். சிறிய சாப்பாட்டுக் கடை ஒன்று வைத்திருக்கின்றார். பத்திரமில்லாத குடும்பத்துக்கு வீடு கொடுக்கப் பலரும் தயங்கிய காலத்தில், "குழந்தைய வச்சுக்கிட்டு எங்க போவீங்க?" என்று கேட்டுச் சாவியைக் கொடுத்தவர் அவர். வாடகை பிந்திய மாதங்களும் உண்டு. அவர் படியேறி வந்து கேட்டதில்லை என்று தம்பியின் மனைவி சொன்னார்.

நாம் சென்ற அன்றிரவே அவர் ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் கோழிக் குருமாவும் அனுப்பியிருந்தார். உண்டு முடிந்ததும் எமது மகள் தட்டைக் கழுவித் துடைத்து, கீழே கொடுத்து வரப் புறப்பட்டாள். அம்மா தடுத்தார். "வெறுந் தட்டுக் குடுக்கிறேல்லை, பிள்ளை. நத்தார் வருகுதுதானே, பலகாரம் வைச்சுக் குடுப்பம். அங்கை வை" என்றார். தட்டு அலுமாரியின் மேல் வைக்கப்பட்டது.

மறுநாள் வைகறையில், இன்னும் இருள் பிரியாத வேளையில், அயலிலுள்ள பள்ளிவாசலில் இருந்து பாங்கொலி எழுந்தது. நேர மாற்றத்தால் உறக்கமின்றிக் கிடந்த நாம் எழுந்து பார்த்தபோது அம்மா யன்னலோரம் கதிரையில் இருந்தார். கையிற் செபமாலை. "எங்கட நாவாந்துறையில விடியக் கேக்கிற சத்தம் மாதிரிக் கிடக்கு, என்ன?" என்றார். ஆம் என்றோம். எமது ஊர்ப் பக்கத்தில் கோயில் மணியும் பாங்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். பாங்கு கேட்டுத்தான் அம்மா அடுப்பு மூட்டுவார். அது நின்றுபோன பின் பல நாட்கள் அவர் பிந்தி எழும்பியது எமக்கு நினைவு இருக்கின்றது. அன்று காலை அவ்வளவோடு பேச்சு முடிந்தது.

இடையில் வந்த நாட்கள் உல்லாசமாகவே கழிந்தன. பத்துமலையில் 272 படிகளையும் பிள்ளைகள் ஏற, நாம் அம்மாவோடு கீழே முருகன் சிலையின் நிழலில் இருந்து இளநீர் குடித்தோம். புக்கிட் பிந்தாங் பகுதியில் உள்ள பெரிய அங்காடியொன்றிற்குப் போனபோது, மலேசியாவில் நத்தார் உண்டா என்ற எமது நண்பரின் கேள்விக்கு விடை கிடைத்தது. மாடிக்கு மேல் மாடியாய் நத்தார் மரங்கள், மின்விளக்குகள், செயற்கைப் பனி. முக்காடிட்ட மலாய்ப் பெண்கள் தங்கள் குழந்தைகளை நத்தார் தாத்தாவுக்கு அருகில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டில் நூற்றுக்கு 63.5 பேர் முஸ்லிம்கள், 9.1 பேர் கிறிஸ்தவர்கள். இஸ்லாம் அரச மதம். எனினும் நத்தார் அங்கே நாடு முழுவதற்குமான பொது விடுமுறை. அம்மா அந்தப் பஞ்சுப் பனியை விரலால் தொட்டுப் பார்த்து, "இதுதானோ உங்கட சினோ? இதுக்கோ இவ்வளவு முறைப்பாடு?" என்றார். நாம் எல்லோரும் சிரித்தோம். தம்பி சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

24ஆம் திகதி இரவு செந்தூலில் உள்ள புனித சூசையப்பர் ஆலயத்துக்குப் பூசைக்குப் போனோம். மொன்றியலில் மலைமேல் உள்ள பேராலயமும் அதே புனிதரின் பெயரில் இருப்பதைத் துணைவியார் நினைவூட்டினார். தம்பி இரவில் வெளியே போவதில்லை. வீதியில் மறித்துப் பத்திரம் கேட்டால் அட்டையைக் காட்டி விளங்கப்படுத்த வேண்டும். விளங்கிக்கொள்வதும் கொள்ளாததும் கேட்பவரைப் பொறுத்தது. அன்று அம்மாவுக்காக வந்தார். ஆலய வாசலில் போக்குவரத்தைச் சீர்செய்து நின்ற மலாய்ப் பொலிசாரைக் கண்டதும் அவருடைய நடை தளர்ந்தது. இளம் பொலிசார் ஒருவர் அம்மாவின் நாற்காலியைக் கண்டு, வாகனங்களைக் கையால் மறித்து, எம்மை வீதியின் மறுபக்கம் விட்டார். தம்பி தலைகுனிந்தபடியே கடந்தார். உள்ளே தமிழிற் பாடல் ஒலித்தது. பாலன் குடிலின் முன் அம்மா நெடுநேரம் இருந்தார். தாயும் சூசையப்பரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது பற்றி குருவானவர் தமது பிரசங்கத்தில் சொன்னார். அகதிக் குடும்பங்களுக்கு அதனை விளக்கவேண்டிய தேவை இல்லை.

மறுநாள் நத்தார். மலேசியாவில் "திறந்த வீடு" என்றொரு நல்வழக்கம் உண்டு. பெருநாளானாலும் சீனப் புத்தாண்டானாலும் தீபாவளியானாலும் நத்தாரானாலும், கொண்டாடுகின்றவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பார். பிற மதத்தவர் வந்து உண்டு வாழ்த்திச் செல்வர். தம்பியும் தமது இரண்டு அறைகளின் கதவைத் திறந்து வைத்தார். அம்மா இரண்டு நாட்களாக மருமகளை வைத்துப் பயற்றம் பணியாரமும் கொக்கிசும் ரவைக் கேக்கும் செய்வித்திருந்தார். கேக்குக்குப் பிராந்தி வேண்டுமா என்று மகன் கேட்டபோது, "வேண்டாம். கீழ்வீட்டுக்கும் குடுக்கிறதெல்லே. நாவாந்துறையிலயும் எப்பவும் ரெண்டு கேக்தான். எங்களுக்கு ஒண்டு, அவையளுக்குப் பிராந்தி விடாமல் ஒண்டு" என்றார்.

பகல் பன்னிரண்டு மணியளவில் வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார். எமது தம்பியின் மகளுக்கு ஒரு சட்டை கொண்டுவந்திருந்தார். "எங்க குர்ஆன்லயும் மர்யம் அம்மா பேர்ல ஒரு அத்தியாயமே இருக்கு, தெரியுமா?" என்று பிள்ளைகளிடம் சொன்னார். அம்மா அலுமாரியின் மேலிருந்த தட்டை எடுப்பித்து, தம் கையாலேயே பலகாரங்களை அடுக்கி அவரிடம் கொடுத்தார். அவர் சிரித்து, "எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க, வெறுந் தட்டு திரும்பாது" என்றார். பின்பு இயல்பாக, "உங்க ஊர்ல முஸ்லிம்கள் இருந்தாங்களா, அம்மா?" என்று கேட்டார்.

அறையில் ஒருகணம் அமைதி. நாம் வேறு பேச்சுக்குத் திருப்ப முனைந்தோம். அம்மா அதற்கு இடங்கொடுக்கவில்லை. "இருந்தவை. எங்கட பக்கத்து ஒழுங்கையில இருந்தவை. எங்கட ஆக்கள்தான் அவையளைக் கலைச்சவை" என்றார். அதன்பின் ஒரு தட்டின் கதையைச் சொன்னார். 1990ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அயல் வீட்டார் நீலப்பூப் போட்ட தட்டொன்றில் வட்டிலப்பம் அனுப்பினார்கள். போர் மீண்டும் தொடங்கி, சீனியும் மாவும் மண்ணெண்ணெயும் கிடையாதிருந்த காலம். தட்டில் வைத்து அனுப்ப எதுவும் இல்லை. நத்தாருக்குப் பலகாரத்தோடு கொடுக்கலாம் என்று அம்மா அதனை எடுத்து வைத்தார். ஒக்ரோபர் 30ஆம் திகதி அவர்கள் போனார்கள். அந்த வருட நத்தாருக்கு, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், அம்மா எப்படியோ ஒரு சிறு கேக் செய்தார். தட்டை எடுத்துத் துடைத்தார். மீண்டும் வைத்தார். ஐந்து வருடம் அது எமது வீட்டில் இருந்தது. 1995இல் நாம் வெளியேறித் திரும்பியபோது வீட்டில் கூரையும் இல்லை, தட்டும் இல்லை.

வீட்டுக்கார அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "அவங்க திரும்பி வந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். அம்மா, "அந்த வீட்டுச் சனம் வரேல்லை" என்றார்.

அவர் சென்றபின் மகள் எம்மை மாடிப்படிக்கு அழைத்துச் சென்றாள். அவள் மொன்றியலில் ஆறாண்டுகளாக ஆசிரியை. கியூபெக்கில் 2019 ஜூனில் நிறைவேற்றப்பட்ட 21ஆம் இலக்கச் சட்டம், மத அடையாளம் அணிந்தோரை அரச பாடசாலைகளில் ஆசிரியராய்ப் புதிதாக நியமிக்க முடியாது என்கின்றது. அவளோடு பயின்ற, முக்காடிடும் தோழி ஒருத்தி அக்காரணத்தால் ஒன்ராறியோவுக்குப் போய்விட்டாள். அன்று முதல் மகளுக்கு இவ்விடயங்களில் ஒரு கூர்மை உண்டு. அவள் கேட்டாள்: "அப்பா, 1990இல் நீங்களும் ஆசிரியர்தானே? உங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்களா? நீங்கள் என்ன செய்தீங்கள்?"

வாசகர்களே, இவ்வினாவை எம்மிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எமது பிள்ளைகளுக்கு நாம் 1995இன் கதையைச் சொல்லி வந்திருக்கின்றோம். ஒக்ரோபர் 30 இரவு, மழை, ஒலிபெருக்கி அறிவித்தல், இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது, சைக்கிளில் அம்மாவை இருத்தித் தள்ளிச் சென்றது, எல்லாவற்றையும் சொல்லியிருக்கின்றோம். அதே ஒக்ரோபர் 30, ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், இன்னொரு கூட்டம் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தது என்பதைச் சொன்னதில்லை.

அன்று படிக்கட்டில் இருந்து மகளுக்குச் சொன்னதை இங்கும் சொல்கின்றோம். 1990இல் நாம் கலைப் பட்டதாரி ஆசிரியராய்ப் பணியிற் சேர்ந்து ஓராண்டும் ஆகவில்லை. எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர், பாடம் தமிழ். வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் ஐவர். ஒக்ரோபர் 30 செவ்வாய்க்கிழமை. முற்பகலில் வீதியில் ஒலிபெருக்கி வாகனம் போயிற்று. முஸ்லிம் குடும்பங்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்ற அறிவித்தல். என்ன காரியத்துக்கென்று எமக்குத் தெரியாது. வீட்டாரும் சைக்கிளில் வந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். போகும்போது ஒரு மாணவன் திரும்பி வந்து, "சேர், நாளைக்குத் தமிழ்ச் சோதனைதானே?" என்று கேட்டான். "ஓம், நாளைக்குத்தான். படிச்சுக்கொண்டு வா" என்றோம்.

இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் அவர்களுக்குக் கட்டளையிட்டனர். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. உடுத்த துணியோடும் கையிற் சிறு பணத்தோடும் அவர்கள் தென்திசை போனார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அவ்வாறு விரட்டப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களை அடைந்தனர். அதற்கு முன்னரே, 1990 ஓகஸ்ட் 3இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்ட காலம் அது. அவை பற்றிய செய்திகளும் வதந்திகளும் எமது காதுகளிலும் விழுந்தன. ஆயினும் எமது வகுப்பில் இருந்த ஐந்து பிள்ளைகள் எவருக்கும் எந்தத் தீங்கும் செய்தவர்கள் அல்லர்.

மறுநாள் புதன்கிழமை. சோதனை நடந்தது. நாம் வரவு இடாப்பைத் திறந்து பெயர்களை வாசித்தோம். அவர்களின் பெயர்களையும் பழக்கத்தால் வாசித்துவிட்டோம். பின்வாங்கில் இருந்த சிறுமி எழுந்து, "அவையள் இனி வரமாட்டினம், சேர்" என்றாள். ஒரு வாரம் சென்றபின் மேலிடத்திலிருந்து பெயர்களை நீக்கும்படி சொல்லப்பட்டது. சிவப்பு மையால் ஐந்து கோடுகள் இழுத்தோம். நீங்கிய காரணம் எழுதுவதற்கு ஒரு நிரல் உண்டு. அதில் என்ன எழுதுவது என்று யாரிடமும் கேட்கவில்லை; எவரும் சொல்லித்தரவும் இல்லை. "வதிவிட மாற்றம்" என்று ஐந்து முறை எழுதினோம். எமது கையெழுத்து அழகானது என்று பாடசாலையில் பேர் பெற்றிருந்தோம். அழகாகவே எழுதினோம்.

அச்சம் இருந்தது உண்மை. அன்றைய யாழ்ப்பாணத்தில் வாய் திறந்தவர்க்கு நேர்ந்ததை யாம் அறிவோம். ஆனால் அந்த நிரலை வெறுமையாக விட்டிருந்தால் ஒருவரும் எம்மைச் சுட்டிருக்க மாட்டார்கள். அச்சத்தைக் காரணமாகக் காட்டுவதற்கு அவ்விடத்தில் எமக்கு உரிமையில்லை. ஐந்து ஆண்டு கழித்து, நாவற்குழிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது, அந்த ஐந்து பெயர்களும் ஒவ்வொன்றாய் நினைவில் வந்தன. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஆறுதல் சொல்லவும் இல்லை. "அந்தப் பெயர்கள் இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். சொன்னோம். அவள் ஐந்தையும் தன் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டாள்.

2009இன் பின் வடக்கு முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் மீண்டுள்ளனர். ஒஸ்மானியாக் கல்லூரி மீண்டும் இயங்குகின்றது. பலரோ இன்னும் புத்தளத்திலேயே இருக்கின்றார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பெற்றோர் சொல்லும் ஒரு கதை மட்டுமே, மொன்றியலிற் பிறந்த எமது பிள்ளைகளுக்கு இருப்பதுபோல. கோலாலம்பூர் வீட்டுக்கார அம்மாவின் தட்டு பலகாரத்தோடு திரும்பியதால் நாவாந்துறைத் தட்டின் கடன் தீர்ந்ததாக நாம் கொள்ளவில்லை. அவர் எம்மை மன்னிக்க வேண்டியவர் அல்லர். அவருக்கு நாம் ஒரு தீங்கும் செய்ததில்லை. மன்னிப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கின்றார்கள். ஆனால் வீடு இல்லாத எமது தம்பிக்கு, அவருடைய மதம் எது, ஊரில் என்ன நடந்தது என்று விசாரியாமல் சாவியைக் கொடுத்தவர் அவர். அந்த நன்மையை வாங்கிக்கொண்டு, ஊர்க் கதையை மறைத்து வைத்திருப்பது எமக்கு இனி இயலாததாயிற்று.

ஜனவரி 3ஆம் திகதி பிரிந்தோம். அம்மா முதலிற் போனார். எமது தலையிலும் தம்பியின் தலையிலும் சிலுவை வரைந்து, "அடுத்த நத்தாருக்கு நான் இருந்தா வாறன்" என்றார். தம்பி விமான நிலையக் கண்ணாடிக்கு அப்பால் நின்று கையசைத்தார். மூன்றாவது நாடொன்றில் அவரைக் குடியமர்த்தும் கோரிக்கை பன்னிரண்டு ஆண்டுகளாக நிலுவையில் இருக்கின்றது. அவரது மகள் "பெரியப்பா, உங்கட ஊருக்கு நான் எப்ப வாறது?" என்று கேட்டதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. எமது பாக்கியம் அவருக்குக் கிட்டாதது ஏன் என்று விமானத்தில் வரும் வழியெல்லாம் எண்ணினோம். அதற்கும் விடை இல்லை.

மொன்றியல் வந்து சேர்ந்தபோது வழமைபோலப் பனி. வேலைத்தலத்து நண்பர், "எப்படி, அங்கே நத்தார் இருந்ததா?" என்று கேட்டார். "இருந்தது, எமக்குக் கிடைத்த நத்தார்களில் அதுவே நல்லது" என்றோம்.

நாம் ஞாயிறுதோறும் எம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்து வருகின்றோம். ஆண்டுதோறும் ஒக்ரோபர் இறுதியில் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வைப் பற்றி ஒரு பாடம் உண்டு. 2024 முதல் அப்பாடத்தில் இரண்டு ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதுகின்றோம்: 1990, 1995. முதலாவது ஆண்டைப் பற்றிப் பேசியபோது சில பெற்றோர் முகம் சுளித்தனர். "இது இப்ப எதுக்கு, மாஸ்ரர்?" என்று ஒருவர் கேட்டார். அவர் 1995இல் தம் தகப்பனாரை வழியிற் பறிகொடுத்தவர். அவரது துயரை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவருக்குச் சொன்ன விடை இதுவே: எம்மை வீட்டை விட்டுத் துரத்தியதை உலகம் கேட்கவேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றோம். நாம் துரத்தியதையும், துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொல்லாமல் விட்டால், எமது பிள்ளைகள் பாதிக் கதையையே அறிவார்கள்.

வாசகர்களுள் எவரேனும் அன்று எம்போல் ஒரு வகுப்பறையிலோ அலுவலகத்திலோ கடையிலோ இருந்திருக்கலாம். வரப்போகும் நத்தார் விடுமுறையில், ஸ்காபுரோவிலோ வேறெங்கோ, பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தில் அந்நாளைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் முன்பே சொல்வது நன்று. நாம் கேட்கப்பட்ட பின்னரே சொன்னோம்.